சூட்டக்காவும் வலப்பக்க இன்ஜினும்

அந்தச் சின்ன விமான நிறுவனத்தில் அவளை எல்லோரும் சூட்டக்கா என்றுதான் சொல்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், அதுதான் அவள் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து "சூட்டக்கா மேடம்" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டதும் உண்டு. அவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. பட்டப்பெயருக்கு இரண்டு காரணம் இருப்பது அவளுக்கே தெரியும். அவள் பார்க்கும் வேலை சூட்டைப் பற்றியது. நிறுவனத்தில் இருந்தவை ஐந்து விமானங்கள். முப்பது பேர் உட்காரக்கூடியவை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின் வைத்தவை. அந்தப் பத்து இன்ஜின்களும் எவ்வளவு சூட்டில் ஓடின, நேற்றைவிட இன்றைக்கு ஏறியிருக்கிறதா, ஏறியிருந்தால் ஏன் என்று தினமும் பார்ப்பது அவள் பொறுப்பு. இன்னொரு காரணம் அவள் வாய். "தங்கமான மனுஷி, ஆனா தொட்டா சுடும்" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

அவளுடைய அறை, விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரின் மாடியில், இரண்டு மேலாளர்களின் அறைகளுக்கு நடுவே பலகைத் தடுப்பு வைத்து ஒதுக்கியது. இடப்பக்கம் எரிபொருள் செலவைப் பார்க்கும் மேலாளர். அவருக்குச் சிக்கனம் என்று பெயர். பேனா மூடியைக்கூட தேய்ந்துவிடப் போகிறது என்பதுபோல மெதுவாகத் திருகுவார். வலப்பக்கம் பயணிகள் வசதியைக் கவனிக்கும் மேலாளர். அவர் புன்னகை. யார் எவ்வளவு திட்டினாலும் சிரித்துக்கொண்டே "கண்டிப்பா பண்ணிடலாம்" என்பார், பண்ணமாட்டார். தடுப்பு மெல்லியது. இருவரும் போனில் பேசுவது அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நடுவில்தான் அவள் இருந்தாளே.

கோடை தொடங்கியதும் வலப்பக்கத்திலிருந்து ஓர் உத்தரவு புறப்பட்டது. பயணி உள்ளே காலெடுத்து வைக்கும்போதே விமானம் ஜில்லென்று இருக்கவேண்டும், கதவை மூடிக் காத்திருக்கும் நேரத்திலும் ஏசி ஓடவேண்டும். அதே வாரத்தில் இடப்பக்கத்திலிருந்து இன்னொன்று. தரையில் நிற்கும்போது வீணாக எரிபொருளைக் குடிக்காதபடி இன்ஜினை ஆக மெதுவான ஓட்டத்தில்தான் வைக்கவேண்டும்.

அவள் இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டாள். இந்த ரக விமானத்தில் தரையில் நிற்கும்போது இன்ஜினை ஓடவிட இரண்டு நிலை உண்டு. லோ, ஹை என்பார்கள். விமானியின் கைக்குப் பக்கத்தில் ஒரு லிவர் இருக்கும். அதைக் கொஞ்சம் ஏற்றினால் லோவிலிருந்து ஹைக்குப் போகும். ஏசி போடுவதற்கு முன்னால் அந்த லிவரை ஏற்றியே ஆகவேண்டும். அது அவள் வைத்த விதிகூட இல்லை, இன்ஜினைச் செய்தவர்கள் வைத்தது. ஏசியைப் போடு என்று ஒருவர், லிவரை ஏற்றாதே என்று ஒருவர்.

இருவரையும் கூட்ட அறைக்கு இழுத்து வந்து உட்காரவைத்தாள்.

"பயணிங்க வேர்க்காம உட்காரணும்னுதான் மேடம் ஆசப்படுறேன்," என்றார் புன்னகை. "இதுல இன்ஜினுக்கு என்ன வந்துச்சு?"

"ஏசிக்குக் கரண்ட் எங்கேர்ந்து சார் வருது?"

"ஜெனரேட்டர்லேர்ந்து."

"அந்த ஜெனரேட்டரைச் சுத்துறது யாரு?"

புன்னகை சிக்கனத்தைப் பார்த்தார். சிக்கனம் மேசையைப் பார்த்தார்.

"இன்ஜின்தான் சார்," என்றாள் அவள். "வேற யாரு வந்து சுத்துவாங்க? சின்ன வயசுல டைனமோ வச்ச சைக்கிள் ஓட்டியிருப்பீங்கல்ல? லைட்டைப் போட்டதும் பெடல் கனமாகுமே, ஞாபகம் இருக்கா? அதேதான் இதுவும். மேல பறக்கிறப்ப இன்ஜின் முழு வேகத்துல ஓடும், இந்தப் பாரமெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. தரையில மெதுவா ஓடுறப்ப அது உள்ள இழுக்கிற காத்தே கொஞ்சம்தான். அந்த நேரம் பாத்து நீங்க ஏசி, லைட்டு, அது இதுன்னு அதோட தலையில ஏத்துனா, வேகம் விழாம இருக்கிறதுக்காக அது ஃபியூலைக் கூடக் குடிக்கும். நெருப்பு கூடுது, குளுர வைக்கிற காத்து கூடல. அப்ப என்ன ஆகும்?"

"சூடாகும்," என்றார் சிக்கனம், பள்ளிக்கூடப் பையன்போல.

"அப்பாடா. சூடானா உள்ள இருக்கிற தகடெல்லாம் வெந்துபோகும். லிவரை ஏத்தி வேகத்தைக் கூட்டிட்டோம்னா காத்து நிறைய வரும், சூடு அடங்கும். அதான் முதல்ல லிவரு, அப்புறம் ஏசி."

"ஹையில வச்சா ஃபியூல் கூட ஆகுமே மேடம்."

"ஆகும். இன்ஜினைக் கழட்டி அனுப்பினா அதைவிடக் கூட ஆகும்."

சிக்கனம் பேனா மூடியைத் திருகினார். புன்னகை முகம் மலர்ந்து, "புரிஞ்சுபோச்சு மேடம்," என்றார். "அப்ப ஏசி ஒண்ணுலதான் ஜாக்கிரதையா இருக்கணும். சீட்டுக்கு சீட்டு போன் சார்ஜர், பின்னாடி காபிக்கு ஒரு வெந்நீர் பாய்லர், அதுக்கெல்லாம் ஒண்ணும் தடை இல்லையே?"

அவள் நெற்றியை மேசைமேல் சாய்த்துக்கொண்டாள். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதெல்லாம் எங்கே போயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை.

பாய்லர் வந்தே தீரும் என்றாகிவிட்டது. முதலில் மூன்றாம் நம்பர் விமானத்தில் வைத்துப் பார்ப்பதாக முடிவு. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பாய்லர் குடிக்கும் மின்சாரம் லேசுப்பட்டதல்ல, ஆனாலும் ஜெனரேட்டர் தாங்கும். ஒரே ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். இன்ஜினுக்கு ஒன்றாக இரண்டு ஜெனரேட்டர்; விமானியின் முன்னால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு மீட்டர் உண்டு. எந்த ஜெனரேட்டர் எவ்வளவு மின்பாரம் இழுக்கிறது என்று காட்டும். தரையில் நிற்கும்போது ஊசி ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால் பாய்லரை உடனே நிறுத்தவேண்டும். மாட்டிக் கொடுக்க வெளியிலிருந்து ஓர் ஒப்பந்தக்காரர் வந்தார். எந்த இடத்தில் இணைத்தீர்கள் என்று அவள் இரண்டு முறை கேட்டாள். "எல்லாம் முறைப்படிதான் மேடம்" என்ற பதில் இரண்டு முறையும் வந்தது.

மூன்றாம் நம்பர் திரும்பப் பறக்கத் தொடங்கியது. கொஞ்ச நாளில் அதன் வலப்பக்க இன்ஜினுக்கு ஜுரம் வந்தது.

மேலே பறக்கும்போது ஒன்றும் இல்லை. இரண்டு இன்ஜினும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே சூட்டில் ஓடின. தரையில் நிற்கும்போதுதான் வலப்பக்கம் ஏறிற்று. ஒவ்வொரு நாளும் கொஞ்சம், வெயில் கூடின நாளில் இன்னும் கொஞ்சம். அவள் உடனே புரிந்துகொண்டாள், அல்லது அப்படி நினைத்துக்கொண்டாள். யாரோ லிவரை ஏற்றாமலே ஏசியைப் போடுகிறார்கள். அப்படியானால் ஏன் வலப்பக்கம் மட்டும் என்று அவள் நின்று யோசிக்கவில்லை. யார் என்று பார்த்தாள். மூன்றாம் நம்பரை அதிகமாக ஓட்டியது ஒரே ஒரு கேப்டன்.

அந்தக் கேப்டன் அவளுடைய கொழுந்தன்.

அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். இப்போது தலையில் நரை எட்டிப் பார்க்கிறது, மாடி வீட்டில் மனைவியோடு இருக்கிறான். ராத்திரிச் சாப்பாடு மட்டும் எல்லோருக்கும் கீழே, அவள் வீட்டில். சின்ன வயதிலிருந்தே அவனுக்குச் சூடு ஆகாது. மற்றவர்கள் போர்த்திக்கொள்ளும் நாளில் அவன் மின்விசிறிக்கு நேரே போய் உட்காருவான். மாடியில் ஏசியை ஆகக் குறைவான எண்ணில் வைத்துவிட்டு, பிறகு குளிருகிறது என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குவான். இப்படிப்பட்ட ஆள் வெயிலில் நிற்கும் விமானத்தில் ஏறினால் முதலில் கை எதன்மேல் போகும் என்று யோசிக்கவேண்டியதே இல்லை என்று அவளுக்குப் பட்டது.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"கேப்டன் சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். கேப்டன் என்று வந்துவிட்டால் கோபம் என்று அர்த்தம். அவள் கணவர் தட்டைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சத்தம் போட்டு அறியாதவர்.

"கேளுங்க அண்ணி," என்றான் கொழுந்தன்.

"ஏறி உட்கார்ந்ததும் லிவரை ஏத்துறதுக்கு முன்னாடியே ஏசியைப் போடுறியா?"

"இல்லையே. லிவரை ஏத்திட்டு, ரெண்டு பக்கமும் வேகம் ஏறி நின்னதும்தான் போடுறேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அப்ப வலப்பக்க இன்ஜின் ஏன் தம்பி கொதிக்குது?"

"அது நீங்க பாக்குற வேலை அண்ணி. எங்கிட்ட கேட்டா?"

"இன்ஜின் பொய் சொல்லாது."

அவன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். "அப்ப நான் பொய் சொல்றேனா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வேர்க்குதுன்னு ஒரு தடவை, அவசரத்துல ஒரு தடவை, அப்படிப் போட்டிருந்தா ஒத்துக்கோயேன், உன்னை யாரு தூக்குலயா போடப்போறாங்க" என்றாள். அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அவன் மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, யாரையும் பார்க்காமல் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். மறுநாளிலிருந்து மாடியில் தனிச் சமையல்.

"அவன் பொய் சொல்ற ஆள் இல்லம்மா," என்றார் கணவர்.

"அப்ப நான் மட்டும் வேலை தெரியாதவளா?"

"நான் அப்படிச் சொன்னேனா? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன ரன்வேயா? ஆளாளுக்கு எம்மேலயே ஏறி இறங்குறீங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் எண்ணெய் தாளிக்கும் சத்தம் இரண்டு இடத்திலிருந்து கேட்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. கண்ணால் பார்த்ததைக் காணவில்லை என்று எப்படிச் சொல்வது? அலுவலகத்தில் எல்லா விமானிகளுக்கும் பொதுவாக ஒரு நினைவூட்டல் அனுப்பினாள். முதலில் லிவர், பிறகு ஏசி. பொதுவாக என்றாலும் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. படிக்கட்டில் எதிரே வந்த கொழுந்தன் அவளைப் பார்த்து, "குட் மார்னிங் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த மேடம் அவளுக்கு ஊசிபோலக் குத்திற்று.

வலப்பக்க இன்ஜின் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் மத்தியானம். தார் உருகும் வெயில். மூன்றாம் நம்பர் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுபாதைக்குப் போகும் வழியில், நான்கைந்து விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. நிற்க நிற்க வலப்பக்க இன்ஜினின் சூடு சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்தது. கொழுந்தன் ஏசியை நிறுத்தினான். முள் தயங்கி, மறுபடி ஏறிற்று. கோட்டைத் தொடுவதற்கு முன்பே அந்த இன்ஜினை அணைத்துவிட்டு, இன்னொன்றை மட்டும் வைத்துக்கொண்டு விமானத்தைத் திருப்பி ஓட்டி வந்தான். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே வெயிலில் இறங்கினார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, "மேலயே போகாத பிளேனுக்கு எதுக்கு டிக்கெட்டு" என்று சத்தம் போட்டது ஹேங்கர்வரை கேட்டது. புன்னகை சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

சற்று நேரத்தில் கொழுந்தன் அவள் அறை வாசலில் வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாங்க," என்றான். "நீங்களே வந்து பக்கத்துல உட்காருங்க. பயணிங்க இருக்கிறப்ப எப்படியோ அப்படியே எல்லாத்தையும் போட்டு ஓட்டிக் காட்டுறேன். எங்கே தப்பு பண்றேன்னு காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா இன்னையோட இந்த யூனிஃபார்மைக் கழட்டிடுறேன்."

"ஏன் தம்பி இப்படிப் பேசுற."

"இல்ல அண்ணி, வாங்க."

விமானத்தை ஹேங்கருக்குப் பின்னாலிருந்த வெட்டவெளிக்கு இழுத்துப் போய் நிறுத்தினார்கள். ஒரு மெக்கானிக் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வெளியே மூக்குக்கு முன்னால் நின்றார். அவள் வலது இருக்கையில் உட்கார்ந்தாள். விமானி அறையின் கதவைத் திறந்துவைத்திருந்ததால் பின்கோடிவரை காலி இருக்கைகள் தெரிந்தன. சார்ஜர்களில் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள். கடைசியில், பணிப்பெண் காபி கலக்கும் இடத்தில், பாய்லர்.

கொழுந்தன் இன்ஜின்களைக் கிளப்பினான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. லிவரை ஏற்றினான். வேகம் ஏறி நிற்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகுதான் ஏசியின் பொத்தானைத் தொட்டான். முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருக்கிறவன் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தது, தான் பார்க்கிறோம் என்பதற்காக இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கை பழகியிருந்த விதம் அப்படி. ஒரு நாள் நடிப்பில் அந்தப் பழக்கம் வராது. 

ஆனால் சூட்டு முள் ஏறிற்று. இடப்பக்கம் ஒழுங்காக நின்றது, வலப்பக்கம் ஏறிற்று.

"பாத்தீங்களா," என்று இரைச்சலுக்கு மேலே கத்தினான்.

"மீட்டர் என்ன சொல்லுது?"

"ரெண்டும் சமமா இருக்கு. கோட்டுக்கு ரொம்பக் கீழ."

"ஏசியை நிறுத்து."

நிறுத்தினான். இரண்டு பக்கமும் சூடு இறங்கியது, இரண்டு மீட்டரிலும் ஊசி இறங்கியது. ஆனால் வலப்பக்கத்துச் சூடு இறங்கியும் இடப்பக்கத்தைவிட மேலேயே நின்றது. சார்ஜர்களை நிறுத்தினார்கள். ஒன்றும் பெரிதாக மாறவில்லை. விளக்குகளை நிறுத்தினார்கள். அப்படியேதான். அவளுக்கு எரிச்சல் தலைக்கேறிற்று. இன்ஜினின் உள்ளேதான் கோளாறு என்றால் மேலே பறக்கும்போதும் தெரியவேண்டும். பாரம்தான் காரணம் என்றால் மீட்டர் சொல்லவேண்டும். இரண்டும் இல்லை என்றால் என்ன எழவுதான் இது?

அந்த இரைச்சலிலும் பின்னாலிருந்து பாய்லர் கொதித்துக் களக் களக் என்று மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அது வேறு அவள் உயிரை வாங்கியது. எழுந்து விறுவிறுவென்று பின்னால் நடந்து போய், "நீ ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லிக்கொண்டே அதன் பொத்தானை அமுக்கி அணைத்தாள்.

"அண்ணி, என்ன பண்ணீங்க?" முன்னாலிருந்து கொழுந்தன் கத்தினான்.

"என்ன?"

"சூடு இறங்குது. வலப்பக்கம் இறங்குது."

"மீட்டர்?"

"மீட்டர் அசையவே இல்ல."

அவள் அங்கேயே நின்றாள். பிறகு பாய்லரை மறுபடி போட்டாள்.

"இப்ப?"

"ஏறுது."

"மீட்டர்?"

"அசையல."

அணைத்தாள்; இறங்கிற்று. போட்டாள், ஏறிற்று. தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று முன்னால் ஓடிவந்து, அவனைப் பின்னால் அனுப்பி, அவன் போட்டு அணைக்க அவள் உட்கார்ந்து பார்த்தாள். சூட்டு முள் பாய்லருக்குத் தலையாட்டியது. பாரம் காட்டும் ஊசி, எனக்கென்ன என்று அசையாமல் கிடந்தது. கடைசியில் இருவரும் இருக்கைகளுக்கு நடுவே அந்தச் சின்ன வழியில் நேருக்கு நேர் வந்து நின்றார்கள்.

"மீட்டருக்குத் தெரியாம கரண்ட் எடுத்திருக்கான்," என்றாள் அவள்.

இன்ஜின்களை அணைத்துவிட்டுத் தரைப்பலகையைத் திறந்ததும் அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. வலது ஜெனரேட்டரிலிருந்து வரும் தடித்த கம்பி முதலில் பாரத்தை அளக்கும் ஒரு பித்தளைத் துண்டின் வழியாகப் போய், அதற்கு அப்புறம்தான் ஏசிக்கும் விளக்குக்கும் மற்றவற்றுக்கும் பிரியவேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு அந்த இடத்தில் கை நுழைவது சிரமமாக இருந்திருக்கிறது. கைக்கு வசதியாக, பித்தளைத் துண்டுக்கு இந்தப் பக்கம், ஜெனரேட்டரை ஒட்டி, ஒரு போல்ட் இருந்திருக்கிறது. பாய்லரின் கம்பியை அதில் முறுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டு மீட்டருக்கு முன்னாலேயே கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதுபோல. பாய்லர் குடித்ததெல்லாம் வலது ஜெனரேட்டர் தலையில்; அதைச் சுற்றிய வலப்பக்க இன்ஜின் தலையில்; மீட்டர் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல. ஊசி கோட்டைத் தாண்டினால் பாய்லரை நிறுத்து என்று அவள் போட்ட நிபந்தனை இருக்கிறதே, அந்த ஊசி தாண்டவே போவதில்லை.

"முறைப்படியாம், முறைப்படி," என்றாள் அவள். அதற்கு மேல் அவள் சொன்னதை மெக்கானிக் வெகு நாள்வரை மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூட்டம். ஒப்பந்தக்காரர் வரவில்லை, உடம்பு சரியில்லையாம். மூன்றாம் நம்பர் பறக்காது, வலப்பக்க இன்ஜினைத் திறந்து பார்க்கவேண்டும், பாய்லர் கம்பியை மாற்றவேண்டும் என்று அவள் சொன்னாள். புன்னகையின் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை. சிக்கனம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் சரி மேடம். இன்னொரு விஷயம். உங்க கொழுந்தன்கிட்ட நீங்கதான் கொஞ்சம் சொல்லணும்."

"அவரு என்ன பண்ணாரு?"

"தரையில நிக்கிறப்ப ஹையில வைக்காதீங்கன்னு எத்தனையோ தடவ சொல்லியாச்சு. இந்தக் கோடை முழுக்க மத்தவங்களவிட அவருதான் ஃபியூல் அதிகமா எரிச்சிருக்காரு. எச்சரிக்கை கொடுத்தேன், சம்பள உயர்வையும் நிறுத்தி வைக்கச் சொன்னேன். மனுஷன் அசையல. கேட்டா, லிவரை ஏத்தாம ஏசி போடக்கூடாதுன்னு எங்க அண்ணி சொல்லியிருக்காங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஒரே பதில்."

 அவள் சிக்கனத்தையே பார்த்தாள். அந்தக் கூட்ட அறையில், அவர் கண்ணுக்கு நேரே, சைக்கிள் டைனமோவெல்லாம் சொல்லி விளக்கியது ஒன்றும் அவருக்குள் போகவில்லை. அது போகட்டும். அவள் சொல்லைக் காப்பாற்ற ஒருத்தன் அலுவலகத்தில் திட்டு வாங்கியிருக்கிறான், வீட்டுக்கு வந்தால் அதே விஷயத்துக்காக அவளிடமும் திட்டு வாங்கியிருக்கிறான். இங்கே வாங்கியதை அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அவருக்குக் கொடுத்த எச்சரிக்கையை முதல்ல வாபஸ் வாங்குங்க சார்," என்றாள்.  "அப்புறம் மத்ததைப் பேசலாம்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறினாள். ஓரகத்தி கதவைத் திறந்து வழிவிட்டாள். கொழுந்தன் மின்விசிறிக்கு நேரே பனியனோடு உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே ஏசி ஓடிக் குளிர் எலும்பைத் தொட்டது.

"உட்காருங்க அண்ணி."

அவள் உட்காரவில்லை. "உன் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள்.

"அது எனக்கு முன்னாடியே தெரியும்."

"அந்தச் சிக்கனம் உன்னைத் திட்டினதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க போய் அவரைக் கடிச்சுக் குதறியிருப்பீங்க. அண்ணிகிட்ட போய் அழுதான்னு என்னைச் சொல்வாங்க. எதுக்கு?"

"அது சரி. நீ பொய் சொல்றேன்னு நான் நினைச்சப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவன் கத்தியை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க நம்பியிருக்கணும் அண்ணி. அதுக்கு நான் ஆதாரம் காட்டணுமா?"

 மன்னிப்பு என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்து அங்கேயே சிக்கிக்கொண்டது. ஆயுசில் அதிகம் பழகாத வார்த்தை. "அதான் ஏறி வந்து நிக்கிறேன்ல," என்றாள் கடைசியில். "மூட்டுவலியோட."

ஓரகத்தி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. கொழுந்தன் சிரிக்கவில்லை. ஆனால் நறுக்கிய காயைப் பாத்திரத்தோடு எடுத்து அவளிடம் நீட்டினான். "கீழ எடுத்துட்டுப் போங்க. சேத்தே சமைச்சிடலாம்." அவள் வாங்கிக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பாட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. அவள் கணவர் மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனவருத்தம் அன்றோடு தீர்ந்துவிடவில்லை. கொஞ்ச நாள் அவன் அவளோடு அளந்து அளந்துதான் பேசினான். பழையபடி பேச்சு ஓடக் கோடை முடியவேண்டியிருந்தது.

இன்ஜினைத் திறந்தபோது உள்ளே சில தகடுகளின் ஓரம் வெந்து கறுத்திருந்தது. மாற்றினார்கள். இன்னும் சில வாரம் அப்படியே ஓடியிருந்தால் தகடு உடைந்து இன்ஜினையே தின்றிருக்கும் என்று பழுதுபார்த்தவர்கள் சொன்னார்கள். பாய்லரின் கம்பியை மீட்டருக்கு அப்புறம் இணைத்து, இன்ஜின் மெதுவாக ஓடும்போது தானாகவே நின்றுவிடும்படி ஒரு ரிலே சுவிட்சும் வைத்தார்கள். ஒப்பந்தக்காரரை மறுபடி கூப்பிடவில்லை. விமானத்துக்குள் ஒரு சின்ன விளக்கு மாட்டுவதானாலும் இனிமேல் அவள் நேரில் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் என்று ஏற்பாடாயிற்று. பெரிய கௌரவம் என்று கணவர் சொன்னார். அவளுக்கு அது இன்னும் பத்துக் கூட்டம் என்றுதான் பட்டது. புன்னகை இப்போது இருக்கைக்கு இருக்கை சின்னத் திரை வைத்துப் படம் காட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிக்கனத்துக்குத்தான் ஞானம் பிறந்துவிட்டது. மின்சாரத்தால் இன்ஜினுக்குக் கேடு என்பது அவர் மனதில் ஆழமாகப் பதிந்துபோயிற்று. ஒரு நாள் காலையில் அவள் அலுவலகத்துக்கு வந்தபோது ஹேங்கரில் பாதி விளக்குகள் அணைந்திருந்தன. மெக்கானிக்குகள் கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். மாடியேறி வந்தால் அவள் அறையிலும் மின்விசிறி நின்றிருந்தது.

"நான்தான் மேடம் நிறுத்தச் சொன்னேன்," என்றார் சிக்கனம், தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டி. "நீங்க சொன்னதுதானே. இன்ஜினுக்குச் சூடு ஏறக்கூடாதே."

அவள் கைப்பையை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"இது கட்டடத்துக் கரண்ட் சார். தெருக் கம்பியில வருது. இது எந்த இன்ஜினை சார் சூடாக்குது?"

சிக்கனம் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது.

"அப்ப தெருவுல வர்ற கரண்டை எது மேடம் சுத்துது?" என்றார்.

அவள் வாயைத் திறந்து, மூடி, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கமாகத் திருப்பி உட்கார்ந்தாள். "முதல்ல ஃபேனைப் போடுங்க சார்," என்றாள். "இதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்."